பெயர் வருமா?

(கோடைகால அறிவியல் ஆய்வுத் திட்டங்களுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அரங்கில், தாம்பரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிப்ரவரி பிறந்துவிட்டால் நம் பக்கத்துக் கல்லூரிகளில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். "லிஸ்ட் வந்துடுச்சா?" கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறிய பெண் தாம்பரம் வருவதற்குள் மெயிலைத் திறந்து பார்க்கிறாள்; சானடோரியத்தில் இன்னொரு முறை, குரோம்பேட்டையில் இன்னொரு முறை. ஸ்பேம் பெட்டியையும் விடுவதில்லை. மாடல் எக்ஸாம் நடக்கிறது, ரெக்கார்டு நோட்டு முடிக்க வேண்டியிருக்கிறது, எதிலும் மனம் நிற்பதில்லை. வீட்டில் அம்மா "என்னடி, சரியா சாப்பிடமாட்டேங்கிற?" என்றால் "ஒண்ணுமில்லம்மா" என்பதுதான் பதில்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் உண்டு. வேலை போகவில்லை, பரீட்சையில் தோற்கவில்லை, இரண்டு மாத லீவுக்கு இவ்வளவு கவலையா என்று கேட்கிறார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகவே படுகிறது. பத்தொன்பது வயதில் ஒரு பிள்ளை முதன்முறையாகப் பாடப்புத்தகத்துக்கு வெளியே வந்து, "எனக்கு இந்தக் கேள்வி பிடித்திருக்கிறது, இதில் வேலை செய்ய விடுங்கள்" என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் எழுதிக் கேட்டிருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. அப்போது மனம் தவிப்பது இயல்புதான்.

இந்தத் திட்டங்களைப் பற்றிப் பெற்றோர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. நாட்டில் மூன்று அறிவியல் அகாடமிகள் இருக்கின்றன. ஒன்று சர் சி.வி. ராமன் 1934இல் பெங்களூரில் தொடங்கியது. மற்ற இரண்டும் டெல்லியிலும் அலகாபாத்திலும் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து நடத்துவதுதான் மாணவர்கள் 'அகாடமி ஃபெலோஷிப்' என்று சொல்லும் கோடை ஆய்வு நல்கை. தேர்வானவர் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு விஞ்ஞானியின் கீழ் இரண்டு மாதம் வேலை செய்யலாம். ஊக்கத்தொகை உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யும் இப்படி ஒரு கோடைத் திட்டம் நடத்துகிறது. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்குக் கோடைப் பயிற்சி உண்டு. கணிதத்தை நேசிக்கும் பிள்ளைகளுக்கு 1993 முதல் எம்.டி.டி.எஸ். முகாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஒன்பதாம் வகுப்பில் மட்டும், இஸ்ரோவின் 'யுவிகா'.

அகாடமி விண்ணப்பத்தை மழைக்காலத்திலேயே அனுப்பிவிட வேண்டும். மதிப்பெண்கள், தன் ஆர்வத்தைப் பற்றி மாணவர் தன் கையால் எழுதும் ஒரு சிறு கட்டுரை, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், இந்த மூன்றும் போகும். ஒரு குழு அவற்றைப் படிக்கிறது. குழுவுக்குப் பிடித்துவிட்டால் மட்டும் வேலை முடிவதில்லை. அந்த மாணவரைத் தன் கூடத்தில் ஏற்றுக்கொள்ள ஒரு விஞ்ஞானி சம்மதிக்க வேண்டும். அவர் அந்தக் கோடையில் வெளிநாட்டில் இருக்கலாம், அவரிடம் ஏற்கெனவே நான்கு பேர் இருக்கலாம், விடுதியில் கட்டில் இல்லாமல் போகலாம். ஒருவர் மறுத்தால் அடுத்தவரைக் கேட்கிறார்கள். பெயர்கள் ஒரே நாளில் வராமல் தவணை தவணையாக வருவதற்கு இதுதான் காரணம். முதல் பட்டியலில் பெயர் இல்லை என்று மார்ச் முழுவதும் அழுதவர்களுக்கு ஏப்ரலில் மெயில் வந்திருக்கிறது.

இன்று நான் சொல்ல வந்ததில் பாதி இதற்குள் அடங்கிவிட்டது. அந்தப் பட்டியல் எண்ணுவது இடங்களை. எத்தனை கைடு, எத்தனை மேசை, எத்தனை கட்டில் என்கிற கணக்கின் முடிவு அது. உங்கள் பிள்ளையின் மூளையை அது அளக்கவில்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. யுவிகாவின் கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

2019இல் இஸ்ரோ அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது ஒவ்வொரு மாநிலத்துக்கும் மூன்று இடம் என்று அறிவித்தது. தமிழ்நாடு முழுவதற்கும் மூன்று. சிக்கிமுக்கும் மூன்று. பரவலாக எல்லா மாநிலப் பிள்ளைகளும் வரவேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஒன்பதாம் வகுப்புப் படித்த இத்தனை பிள்ளைகளில் மூன்று பேரைப் பொறுக்கிய பட்டியல், நான்காவது பிள்ளையைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அடுத்து கொரோனா வந்தது. 2020இலும் 2021இலும் யுவிகா நடக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் என்ற விதி இருப்பதால், அந்த இரண்டு ஆண்டும் ஒன்பதில் இருந்தவர்களுக்கு வாய்ப்பே கிடைக்காமல் போனது. அவர்கள் செய்த தவறு, தப்பான ஆண்டில் பிறந்தது. பிறகு இடங்கள் கூடின. 2022இல் 150 பேர், அடுத்த ஆண்டு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பிள்ளைகள் திடீரென்று புத்திசாலிகளாகிவிட்டார்களா? இடம் கூடியது, அவ்வளவுதான்.

நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதியும் இதில் இருக்கிறது. யுவிகா தேர்வில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பாதி; ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்பவருக்கு நூற்றுக்கு 15. கிராமப் பிள்ளைகளுக்குத் தரும் இந்தக் கூடுதல் மதிப்பு மிகவும் நியாயமானது, நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது மாடம்பாக்கமும் பெருங்களத்தூரும் திருநீர்மலையும் அதற்குள் வந்தன. முடிச்சூரும் அகரம்தென்னும் வெளியே நின்றன. பெருங்களத்தூர் அரசுப் பள்ளியில் படிக்கும் கட்டடத் தொழிலாளியின் மகளுக்கு அந்த 15 கிடையாது. சாலையைத் தாண்டினால் உண்டு. எந்தக் கோட்டைப் போட்டாலும் அதன் இருபுறமும் இப்படிச் சில பிள்ளைகள் நிற்கத்தான் செய்வார்கள். கோட்டைப் போட்டவர்கள் தவறு செய்ததாக நான் சொல்லவில்லை. எந்தப் பக்கம் நின்றோம் என்பதை வைத்துப் பிள்ளைகள் தங்களை எடைபோட்டுக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியானால் இந்தத் திட்டங்களே வேண்டாமா? வேண்டும். இன்னும் பல மடங்கு வேண்டும். ஏனென்று சொல்கிறேன்.

1928 பிப்ரவரி 28ஆம் தேதி கல்கத்தாவில் ராமன் விளைவு கண்டறியப்பட்டது. அதற்கு அடுத்த சில மாதங்களில், கோடை விடுமுறையில், மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பதினேழு வயது மாணவர் ஒருவர் சென்னையிலிருந்து அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே ராமனோடு பணியாற்றிய கே.எஸ். கிருஷ்ணனின் நட்பு கிடைத்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் சென்னைக்கு வந்த ஜெர்மன் மேதை சோமர்ஃபெல்டைப் போய்ப் பார்த்துப் பேசினார். தான் படித்த இயற்பியல் பழசாகிவிட்டது என்பதை அந்தச் சந்திப்பில் தெரிந்துகொண்டார். மறு ஆண்டே அவருடைய ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வந்தது. அவர்தான் எஸ். சந்திரசேகர், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய அறிவும் உழைப்பும் அபாரமானவை. ஆனாலும் அந்தக் கோடை அவருக்கு எப்படிக் கிடைத்தது? ராமன் அவருக்குச் சித்தப்பா.

நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் சித்தப்பா இருக்கிறார்? ஆட்டோ ஓட்டும் அப்பா, தோல் தொழிற்சாலைக்குப் போகும் அம்மா, கல்லூரி வாசலை முதலில் மிதிக்கும் பிள்ளை. இப்படிப்பட்ட வீட்டுக்கும் அந்த மாதிரி ஒரு கோடை கிடைக்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் திட்டங்களெல்லாம் இருக்கின்றன. அதனால்தான் பட்டியலைப் பார்க்கும் பிள்ளையின் கை நடுங்குகிறது. அந்த வீட்டுக்கு அந்த உலகத்துக்குள் நுழைய வேறு வழி தெரியாது.

பெயர் வந்துவிட்டாலும் கதவு முழுதாகத் திறந்துவிடுவதில்லை. இதோ பக்கத்தில், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர அப்துல் கலாமின் பெயர் தேர்வானவர் பட்டியலில் வந்தது. சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய அக்கா சோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். இதைக் கலாமே தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். இன்று அகாடமித் திட்டத்தில் ஊக்கத்தொகை தருகிறார்கள், ரயில் கட்டணத்தையும் தருகிறார்கள். ஆனால் அந்தப் பணம் பிறகுதான் வரும். முதலில் டிக்கெட்டுக்கும் ஒரு மாதச் செலவுக்கும் வீட்டில்தான் புரட்ட வேண்டும். பட்டியல் ஏப்ரலில் வந்து மே மாதம் சேரவேண்டும் என்றால் கல்கத்தா, புனே வண்டிகளில் இடம் இருக்காது. ரயில்வே முன்பதிவு இப்போது அறுபது நாள். கோடை லீவுக் கூட்டம் அதை முதல் வாரத்திலேயே தீர்த்துவிடுகிறது. அறிவிப்பு இரண்டு வாரம் தள்ளிப்போனால் வசதியான வீட்டுப் பிள்ளை விமானத்தில் போய்விடும். மற்றப் பிள்ளை தட்காலுக்கு விடியற்காலையில் ஸ்டேஷனில் நிற்கும், அல்லது வரவில்லை என்று எழுதிவிடும்.

பெண் பிள்ளைகளின் காத்திருப்பு இரட்டிப்பு. ஒன்று பட்டியலுக்கு, இன்னொன்று அப்பாவின் ஒரு சொல்லுக்கு. விண்ணப்பித்ததையே வீட்டில் சொல்லாத பெண்கள் எத்தனையோ பேர். கேட்டால் "கிடைச்சா சொல்லிக்கலாம் சார், கிடைக்காததுக்கு எதுக்கு இப்பவே சண்டை?" என்கிறார்கள். பெயர் வந்த அன்று வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லி, "பெங்களூர்ல தனியா ரெண்டு மாசமா? சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?" என்ற ஒரே வாக்கியத்தில் அந்தக் கோடை முடிந்துபோன பிள்ளைகளை நான் அறிவேன். இங்கே வந்திருக்கும் அப்பாக்களை உரிமையோடு கேட்கிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மகளைக் கூப்பிட்டு, ஏதாவது எழுதிப் போட்டிருக்கிறாயா என்று நீங்களே கேளுங்கள். எந்த நிறுவனம், விடுதி எப்படி, யார் பொறுப்பு என்று இப்போதே விசாரியுங்கள். தேர்வாகிற அன்று வீட்டில் விவாதம் நடக்கக் கூடாது, பாயசம் வைக்க வேண்டும்.

அப்பா அம்மாக்களுக்கு இன்னொன்று. இந்தத் தவிப்புக் காலத்தில்தான் "சான்றிதழோடு ஆய்வுப் பயிற்சி, இத்தனை ஆயிரம் கட்டினால் போதும்" என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும். பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் கட்டிவிடுவீர்கள். அவசரப்படாதீர்கள். நான் சொன்ன அகாடமித் திட்டமும் ஐ.ஐ.டி. திட்டமும் மாணவருக்குப் பணம் தருபவை; யுவிகாவில் பயணம், தங்கல், சாப்பாடு எல்லாம் இஸ்ரோவின் பொறுப்பு. பிள்ளையிடம் பெரிய தொகை கேட்கும் இடத்தில், யார் சொல்லித்தரப்போகிறார், எந்தக் கூடத்தில், என்ன வேலை என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆசிரியர்களிடம் பேச வேண்டியதும் இருக்கிறது. பரிந்துரைக் கடிதம் கேட்டு மாணவர் நம் மெயில் முகவரியைக் கொடுக்கிறார். அந்த மெயில் நூறு சுற்றறிக்கைகளுக்கு அடியில் கிடக்கிறது. கடைசித் தேதி தாண்டிவிடுகிறது. விண்ணப்பம் முழுமையாகாமல் நின்றுவிடுகிறது. பட்டியலில் பெயர் வராத பிள்ளை, தான் போதாதவள் என்று நினைத்துக்கொள்கிறாள். உண்மையில் யாரும் அவள் எழுதியதைப் படிக்கவேயில்லை. இதைவிடக் கொடுமை எனக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்புவதும் ஏறக்குறைய அதற்குச் சமம். ஒரு பிள்ளையைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு மட்டும் பொருந்தும் நாலு வரி எழுத அரை மணி நேரம் போதும். வருடம் முழுக்க வகுப்பெடுத்த நம்மால் அந்த நாலு வரி எழுத முடியவில்லை என்றால், அந்தப் பிள்ளையை நாம் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

காத்திருப்பையே ஆராய்ச்சி செய்தவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர், வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்குக் காத்திருந்த 230 சட்டப் பட்டதாரிகளைத் தொடர்ந்து கவனித்தார். 2016இல் அந்த ஆய்வு வெளிவந்தது. கவலையைக் குறைக்க அவர்கள் செய்த முயற்சிகள் பெரும்பாலும் பலிக்கவில்லை. "நினைக்காதே, மறந்துவிடு" என்று நாம் சொல்லும் புத்திமதி அங்கேயும் வேலை செய்யவில்லை. அதோடு, கவலையே படாமல் நிம்மதியாக இருந்தவர்களைவிட, தவித்துக்கொண்டு மோசமான முடிவுக்கும் மனதைத் தயார்செய்தவர்கள் கெட்ட செய்தியை நன்றாகத் தாங்கினார்கள். நல்ல செய்தியில் கூடுதலாக மகிழ்ந்தார்கள். ஆகவே, தம்பி, உன் தவிப்பில் கோளாறு ஒன்றும் இல்லை. பிறகு ஸ்வீனியின் குழுவினர் செய்த இன்னோர் ஆய்வில் ஒன்று உதவுவதாகத் தெரிந்தது: தன்னை மறந்து ஆழ்ந்துபோகும்படியான ஒரு வேலை. டிவி பார்ப்பது அந்தக் கணக்கில் வராது. கொஞ்சம் கடினமாக, கை கொஞ்சம் தடுமாறும்படி, ஆனால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும் வேலை.

அப்படிப்பட்ட வேலை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய அந்தச் சிறு கட்டுரைதான். "எனக்கு இந்தக் கேள்வியில் ஆர்வம்" என்று எழுதினீர்கள். பட்டியல் வந்த பிறகுதான் அந்தக் கேள்வியைத் தொடவேண்டும் என்று யார் சொன்னது? நூலகத்துக்குப் போங்கள். அந்தக் கேள்வியில் வேலை செய்யும் ஒரு விஞ்ஞானியின் கட்டுரையை எடுத்து, புரிகிறவரைக்கும் படித்து, எந்த வரியில் புரியாமல் போகிறதோ அங்கே கோடு போடுங்கள். நீங்கள் தேடும் கோடை அந்த வரியிலிருந்து தொடங்குகிறது.

நாம் வாழும் இந்த மண்ணில் அறிவியல் எப்படி நடந்திருக்கிறது என்று பாருங்கள். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி, இதே போன்ற ஒரு கோடையில், பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை ஏறத்தாழ ஏழரை மைல் தூரத்துக்கு வில்லியம் லாம்டன் நூறடி எஃகுச் சங்கிலியை வைத்து அளக்க ஆரம்பித்தார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பமானியை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அளவையும் திருத்தினார். இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் முக்கோண அளவையின் முதல் கோடு அது. இன்று அந்த வழியில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. 1863 மே 30ஆம் தேதி, அக்கினி வெயில் காலத்தில், பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய பள்ளம் ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய கற்கோடரி. இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று. அவர் நிலவியல் ஆய்வாளர்.  பள்ளத்தில் கிடந்ததைப் பார்க்கத் தெரிந்திருந்தது.

வெள்ளைக்காரர்கள், அரசாங்கச் சம்பளத்தில் வந்தவர்கள் என்று சொல்வீர்கள். சரி, கிஃப்ட் சிரோமணியைப் பற்றிச் சொல்கிறேன். இந்தப் பெயரைத் தாம்பரத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சென்னை கிறித்துவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே வந்தது, 365 ஏக்கர் புதர்க்காட்டுக்குள். அங்கே புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் சிரோமணி. 1932இல் பிறந்து 1988இல் மறைந்தார். அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள்களைப் பாருங்கள். மாமல்லபுரத்துக் கல்வெட்டு எழுத்துகள், சிந்து எழுத்து, வளாகத்துப் பறவைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் போடும் கோலம்.

1974இல் ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை கோலத்தையும் கணினி இலக்கணத்தையும் இணைத்தது. ஒரு சின்னப் புள்ளிக் கோலத்திலிருந்து அதே இனத்தைச் சேர்ந்த பெரிய கோலத்துக்கு நம் பாட்டி எப்படிப் போகிறாள்? அவள் மனதில் ஒரு விதி இருக்கிறது. மூன்று வரிசைக்கு எதைச் செய்தாளோ அதையே ஐந்துக்கும் ஏழுக்கும் நீட்டுகிறாள். ஒரு மொழியில் சில விதிகளை வைத்துக்கொண்டு எண்ணற்ற வாக்கியங்களை ஆக்குவதைப் போலத்தான். அந்த விதியைக் கணினிக்குப் புரியும்படி எழுத முடியுமா என்பது அவர்களுடைய கேள்வி. முடியும் என்று காட்டினார்கள். படங்களை இலக்கணமாகப் பார்க்கும் ஆராய்ச்சி அப்போது உலகத்திலேயே இளமையாக இருந்தது. கிராமத்துப் பெண்கள் எப்படிக் கோலங்களை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்றும் அவர் ஆராய்ந்தார். அந்தப் பெண்களைத் தன் ஆய்வின் ஆசிரியர்களாகவே மதித்தார் என்பது என் எண்ணம். இதற்கெல்லாம் வேண்டியிருந்த கருவி அரிசிமாவும் பொறுமையும் கணக்கறிவும்தான். அவர் பார்த்த வாசல்களைப் போன்ற வாசல்களைத் தாண்டித்தான் நீங்கள் தினமும் ஸ்டேஷனுக்கு நடக்கிறீர்கள்.

இந்தக் காத்திருப்பு மாதங்களிலேயே செய்யக்கூடியவை இன்னும் இருக்கின்றன. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கடற்கரையில் முட்டையிடும் காலம். 1988 முதல் மாணவர்களே நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இரவுகளில் நீலாங்கரைப் பக்கத்திலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து முட்டைகளைப் பத்திரப்படுத்துகிறது. மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் அதிகமாகும். ஒரு வெப்பமானியும் நோட்டும் இருந்தால் அங்கே உண்மையான அறிவியல் செய்யலாம். 2015 டிசம்பர் முதல் தேதியிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. எந்த ஏரியின் உபரி எந்த வழியாக வந்தது என்று உங்கள் தெருவுக்கு மட்டும் ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். கோடையில் கால்வாய் காய்ந்திருக்கும்போதுதான் நடந்து அளக்க முடியும். வானம் பிடித்தவர்களுக்கும் வழி உண்டு. அமெரிக்காவில் 1959இலிருந்து நடக்கும் கோடை அறிவியல் திட்டம் ஒன்றில் பள்ளி மாணவர்கள் குறுங்கோள் ஒன்றைத் தாங்களே படமெடுத்து அதன் பாதையைக் கணக்கிடுவார்கள். ஸ்புட்னிக் தந்த அதிர்ச்சிக்குப் பின் தொடங்கியது. இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், பள்ளிக் குழுவாகப் பதிவு செய்துகொண்டால் பெரிய தொலைநோக்கிகளின் படங்களைப் பெற்றுக் குறுங்கோள் தேடும் சர்வதேசத் திட்டம் இருக்கிறது, கட்டணமில்லாமல். நம் ஜவ்வாது மலையில், காவலூரில், 1988இல் கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நிறுவனங்களிடமும் ஒரு கோரிக்கை. எந்தத் தேதியில் முடிவு வரும் என்று ஒரு தேதி சொல்லுங்கள். தள்ளிப்போனால் தள்ளிப்போகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். தேர்வாகாதவருக்கும் பதில் அனுப்புங்கள். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைக் குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுடைய உழைப்பை மதிக்கிறேன். ஆனால் கேள்வி கேட்ட பிள்ளைக்கு மௌனத்தைப் பதிலாகத் தருவது அறிவியலுக்கே ஒவ்வாத பழக்கம். அதுபோல நம் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு முன்மாதிரியையும் நினைவூட்டுகிறேன். சற்றுமுன் சொன்ன கே.எஸ். கிருஷ்ணன், கல்கத்தாவுக்குப் போவதற்கு முன் இதே கிறித்துவக் கல்லூரியில், அது ஜார்ஜ் டவுனில் இருந்தபோது, வேதியியல் டெமான்ஸ்டிரேட்டராக இருந்தார். மதிய இடைவேளையில் யார் வேண்டுமானாலும் வந்து அறிவியலில் எந்தக் கேள்வியும் கேட்கலாம் என்று வைத்திருந்தார். பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அதற்கு விண்ணப்பமோ பட்டியலோ இல்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் உள்ள ஒவ்வொரு கல்லூரியிலும் வாரம் ஒரு மதியம் இப்படி நடக்க என்ன தடை?

கடைசியாக, ஏப்ரல் பாதி தாண்டியும் பெயர் வராதவர்களுக்கு. நேரடியாகக் கடிதம் எழுதுங்கள். தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது, 1962 முதல். சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம். தாம்பரம் – வேளச்சேரி சாலையில் நீங்கள் போகும் பேருந்தின் ஜன்னலிலேயே பள்ளிக்கரணையில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தெரியும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நடைமுறை உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒருவருக்கு, அவருடைய வேலையைப் படித்துவிட்டு, ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் உலகப் புகழ்பெற்ற" என்று ஆரம்பிக்காதீர்கள். அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், எந்த வரியில் நின்றுபோனீர்கள், அதைப் புரிந்துகொள்ள நீங்களாக என்ன செய்து பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். எத்தனை வாரம் வரமுடியும் என்று எழுதுங்கள்.

அதில் மறக்காமல் இன்னொரு வரி சேருங்கள். வெளியூர்ப் பிள்ளைகளை ஏற்க முடியாமல் போவதற்கு விடுதியில் கட்டில் இல்லாததும் ஒரு காரணமாகலாம் என்று முன்பே சொன்னேன். உங்களுக்குக் கட்டில் தேவையில்லை. "நான் சேலையூரில் பெற்றோருடன் வசிக்கிறேன், தினமும் பேருந்தில் வந்து போவேன்" என்று எழுதுங்கள். பத்து நாளில் பதில் வரவில்லை என்றால் பணிவாக ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். எழுதிய கடிதத்தை அனுப்பும் முன் யாராவது படித்துப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கூட்டம் கலைந்ததும் இங்கேயே இருங்கள். வந்திருக்கும் ஆசிரியர்களில் சிலர் உங்களோடு உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், நானும் இருக்கிறேன். விண்ணப்பத்தில் எழுதிய கட்டுரை போனில் இருந்தால் எடுத்து வையுங்கள், அதிலிருந்தே தொடங்கலாம்.